காபிப் பழம் பிரிக்கும் எந்திரத்துக்கு ஒரு கேமரா: ஏற்காட்டு மாணவர் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேலத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், காபிப் பழத்தை நிறம் பார்த்துப் பிரிக்கும் சிறிய எந்திரம் ஒன்றைத் தங்கள் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், அந்த எந்திரத்துக்கான கேமராவை நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மோட்டாரும் இரும்புச் சட்டமும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. கேமராவில்தான் நாங்கள் இரண்டு மாதம் தடுமாறினோம். அந்தத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி, கேட்க வேண்டிய கேள்விகளைத் தலைகீழான வரிசையில் கேட்டதனால் வந்தது.

தோட்டத்தின் தேவை

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-களில், சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. இன்றும் அங்குள்ள சிறு தோட்டங்களில் பழம் பிரிப்பது பெரும்பாலும் கையும் கண்ணும் செய்கிற வேலையாகவே இருக்கிறது. எங்களுக்கு இடம் கொடுத்தவர் நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பறித்து வந்த பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். சொத்தையும் உள்ளீடற்றதும் மிதக்கும். அவற்றை அள்ளி எடுத்துவிடலாம். ஆனால் பழுத்த பழத்தோடு பச்சைக் காயும் சேர்ந்தே அடியில் தங்கிவிடுகிறது. அந்தக் காய் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரத்துக்குள் போனால் தோல் எளிதில் கழலாது, கொட்டை நசுங்கும், காபியில் துவர்ப்பு ஏறும். ஆள் கிடைக்கிற நாளில் பழத்தைச் சாக்கில் பரப்பிக் கையால் பொறுக்குகிறார்கள். டிசம்பரில் மெயின் பிக்கிங் எனப்படும் முக்கியப் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதோ, பறிப்பதற்கே ஆள் போதாது.

ஆகவே எந்திரத்தின் வேலை தெளிவாக இருந்தது. 200 மில்லிமீட்டர் அகலமுள்ள கன்வேயர் பெல்ட்டில் பழங்கள் ஒற்றை அடுக்காக, எட்டு வரிசையில், விநாடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். கேமரா பார்த்துச் சொல்ல, வரிசை முனையில் உள்ள சிறு தட்டி பச்சைக் காயை ஒருபுறம் தள்ளிவிட வேண்டும். ராஸ்பெர்ரி பை 5 கணினியும் மோட்டாரும் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தன. பார்வைக்கான மொத்தப் பாகங்களுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் ஒதுக்கியிருந்தோம்.

மாணவர்கள் முதல் கூட்டத்துக்குக் கொண்டு வந்த பட்டியலில் மெகாபிக்சல் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் பதினோரு கேமராக்கள் இருந்தன. ஒரு காபிப் பழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். யாரும் அளந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், ஒரு வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பழங்களில் பெரும்பாலானவை 13 முதல் 17 மில்லிமீட்டருக்குள் இருந்தன. கணக்குக்கு 15 என்று வைத்துக்கொண்டோம். இந்த ஆய்வில் வரும் மற்ற எல்லா எண்களும் அந்தப் பதினைந்திலிருந்தே பிறந்தவை.

வலைக்கேமராவோடு முதல் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன், ஆய்வகத்தில் காணொளி வகுப்புக்கு வைத்திருந்த சாதாரண யூஎஸ்பி வலைக்கேமராவைப் பெல்ட்டுக்கு மேலே கட்டிப் பார்த்தோம். அது தோற்கும் என்று தெரிந்தேதான் செய்தோம். எப்படித் தோற்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மூன்று வகையில் தோற்றது.

முதலாவது, மங்கல். பெல்ட் கரும்நீல நிறம், கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. ஆகவே கேமரா தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்காக ஒளியை வாங்கும் நேரத்தை, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு வரை நீட்டிக்கொண்டது. அந்த நேரத்துக்குள் பெல்ட் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 15 மில்லிமீட்டர் பழம் படத்தில் ஒரு செந்நிறக் கோடாக இழுபட்டிருந்தது.

இரண்டாவது, பட்டை பட்டையாக வந்த கருமை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் கொட்டகையிலிருந்த மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. எக்ஸ்போஷரைக் குறைத்தவுடன் அந்த ஏற்ற இறக்கம் படத்தில் வரிவரியாகத் தெரிந்தது. எக்ஸ்போஷர் 10 மில்லி விநாடியின் மடங்காக இருந்தால் இந்த வரிகள் மறையும், ஆனால் மங்கல் திரும்பி வந்துவிடும்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. நன்றாகப் பழுத்த கூடை ஒன்றைக் கொட்டியபோது பெல்ட் முழுவதும் சிவப்பாக நிறைந்தது. படத்தில் சிவப்பு மிகுந்துவிட்டதாக எண்ணிய தானியங்கி வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சரிக்கட்டும் ஏற்பாடு), சிவப்பைத் தணித்து மற்ற நிறங்களை உயர்த்தியது. அதாவது எந்த நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமோ அந்த நிறத்தையே கேமரா திருத்திக்கொண்டிருந்தது. முகம் அழகாகத் தெரிய வேண்டிய இடத்தில் நன்மையாக இருக்கிற இந்தச் சாமர்த்தியம் எந்திரப் பார்வைக்கு முழுத் தீங்கு. எக்ஸ்போஷர், ஒளிப்பெருக்கம், வெண்சமநிலை, குவியம் ஆகிய நான்கையும் பூட்டி வைக்க முடியாத கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று அன்றே எழுதி வைத்தோம்.

பழத்திலிருந்து கேமராவுக்கு

இனி வருவது கணக்கு. பெல்ட்டின் அகலமான 200 மில்லிமீட்டரும் படத்தில் விழ வேண்டும். கேமராவுக்குள் ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் 1456 பிக்சல் அகலமுள்ளது என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.137 மில்லிமீட்டர்; ஒரு பழத்தின் குறுக்கே 109 பிக்சல். பச்சையா சிவப்பா என்று சொல்ல இது தேவைக்கு மிக அதிகம். வெறும் 640 பிக்சல் அகலத்தில்கூடப் பழத்துக்கு 48 பிக்சல் கிடைக்கிறது. மாணவர் பட்டியலின் உச்சியில் இருந்த 12 மெகாபிக்சல் கேமரா இந்த வேலைக்கு எந்தத் தகவலையும் கூடுதலாகத் தராது. கணினிக்குச் சுமையைத்தான் கூட்டும்.

மங்கலைப் பற்றி மாணவர்களுக்கும் எனக்கும் ஒரு வாதம் நடந்தது. நகரும் பொருளின் மங்கல் ஒரு பிக்சலைத் தாண்டக் கூடாது என்ற விதியை அவர்கள் எங்கோ படித்து வந்திருந்தார்கள். அந்த விதிப்படி எக்ஸ்போஷர் அரை மில்லி விநாடிக்கும் கீழே போக வேண்டும். அதற்கு வேண்டிய ஒளியைக் கொடுப்பது செலவு மிகுந்த காரியம். ஆனால் அந்த விதி விளிம்பை அளக்கிற வேலைக்கு உரியது. நாங்கள் அளக்கவில்லை, பழத்தின் நடுப்பகுதி நிறத்தைத்தான் பார்க்கிறோம். 15 மில்லிமீட்டர் பழத்தில் விளிம்பு அரை மில்லிமீட்டர் கரைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆகவே 2 மில்லி விநாடி, அதாவது 0.6 மில்லிமீட்டர் மங்கல், என்று முடிவு செய்தோம். இந்த ஒரு முடிவால் தேவைப்படும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. விதியைப் படிக்கும்போது அது யாருடைய வேலைக்காக எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நானே ஒரு விதியில் மாட்டிக்கொண்டேன்.

அது ஷட்டர் பற்றியது. ரோலிங் ஷட்டர் சென்சார் படத்தை வரிவரியாக, மேலிருந்து கீழாகப் பதிவு செய்கிறது. குளோபல் ஷட்டர் எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. நகரும் பெல்ட் என்றால் குளோபல் ஷட்டர்தான் வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவன். மாணவி ஒருத்தி அதைக் கணக்கிட்டே பார்த்துவிட்டாள். 150 மில்லிமீட்டர் நீளப் பரப்பை ஒரு ரோலிங் ஷட்டர் சென்சார் 20 மில்லி விநாடியில் படித்து முடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கான ஒரு பழத்தைப் படிக்க 2 மில்லி விநாடி ஆகும். அதற்குள் பெல்ட் நகர்வது 0.6 மில்லிமீட்டர். “சார், பழம் கொஞ்சம் கோணும், அவ்வளவுதானே? கோணல் பழத்துக்கும் அதே நிறம்தானே?” என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. வலைக்கேமராப் படங்களில் நாங்கள் கண்ட அவலட்சணத்துக்குக் காரணம் நீண்ட எக்ஸ்போஷரும் துடிக்கும் விளக்கும். அந்தப் பழியை ரோலிங் ஷட்டரின் மேல் நான் போட்டிருந்தேன்.

ஃபிரேம் வேகத்திலும் இதே போன்ற ஒரு தெளிவு கிடைத்தது. விளம்பரங்களில் விநாடிக்கு 60 படம், 120 படம் என்று எண்கள் இருக்கின்றன. பெல்ட்டின் உருளையில், அது சுழலும் அளவைத் துடிப்புகளாகச் சொல்லும் ஒரு என்கோடரைப் பொருத்தி, பெல்ட் 75 மில்லிமீட்டர் நகரும்போதெல்லாம் ஒரு படம் எடுத்தால், 150 மில்லிமீட்டர் நீளமுள்ள பார்வைப் பரப்பில் ஒவ்வொரு பழமும் இருமுறை பதிவாகிவிடும். விநாடிக்கு நான்கு படமே போதும். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்று கொண்டால் விநாடிக்கு 6 மெகாபைட்டை ஒட்டிய தரவு. பழைய யூஎஸ்பி 2 இணைப்பே அதைத் தாங்கும். அதற்கு மாறாக, கேமரா தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் படம் பெல்ட்டின் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதைப் பின்னால் ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்தில் 50 மில்லி விநாடி பிசகினால் தட்டி 15 மில்லிமீட்டர் தள்ளி அடிக்கும், பக்கத்திலிருக்கும் நல்ல பழம் குப்பைக்குப் போகும். ஆகவே நாங்கள் காசு கொடுக்க வேண்டிய வசதி வெளியிலிருந்து வரும் துடிப்புக்குப் படமெடுக்கும் திறன், அதாவது டிரிகர், என்று தெரிந்தது. அது முதல் பட்டியலில் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறவில்லை.

சந்தையில் இருந்தவை

தொழிற்சாலைகளுக்கென்றே வரும் கேமராக்கள் இந்த வசதிகள் எல்லாவற்றோடும் வருகின்றன. திருகிப் பூட்டும் இணைப்பிகள், மின்தனிமைப்படுத்திய டிரிகர், உலோகக் கூடு, 2006-இல் வந்த ஜிக்இ விஷன் அல்லது 2013-இல் வந்த யூஎஸ்பி3 விஷன் என்ற, கேமராவைக் கணினியோடு இணைப்பதற்கான தரநிலை ஆகியவை இருக்கும். ஈத்தர்நெட் வகையில் 100 மீட்டர் வரை கம்பி இழுக்கலாம். ஆண்டு முழுவதும் மூன்று ஷிப்டு ஓடுகிற ஆலைக்கு அதுதான் சரி. எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளிகளில் லென்ஸ் இல்லாமலே எங்கள் மொத்த ஒதுக்கீட்டையும் அவை தாண்டின. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

விலை குறைந்த கருப்பு-வெள்ளை குளோபல் ஷட்டர் கேமராக்களில் ஓவி9281 சென்சார் (1280 × 800 பிக்சல்) பரவலாகக் கிடைக்கிறது. இது எங்களை உண்மையிலேயே சபலப்படுத்தியது. சிவப்பு விளக்கின் கீழ்ப் பழுத்த பழம் வெளிறியும் பச்சைக் காய் கருத்தும் தெரியும். வண்ணக் கேமராவே இல்லாமல் நிறம் பிரிக்கும் பழைய உத்தி இது. ஆனால் கறுத்து வற்றிய பழமும் சிவப்பு விளக்கில் கருப்பாகவே தெரியும். அதைக் காயிலிருந்து பிரிக்கப் பச்சை விளக்கில் இன்னொரு படம் வேண்டும், இரண்டையும் மாற்றி மாற்றி எரிய விட வேண்டும். முடியாத காரியமன்று, ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவர் திட்டத்துக்கு அது ஒரு சிக்கல் அதிகம்.

மிஞ்சியவை ராஸ்பெர்ரி பை குடும்பத்துக் கேமராக்கள். 2023 ஜனவரியில் 25 டாலருக்கு வந்த கேமரா மாட்யூல் 3, நான்கு அமைப்புகளையும் மென்பொருளில் பூட்ட விடுகிறது. குறை என்னவென்றால் அதன் லென்ஸ் காந்தச் சுருளில் மிதக்கிறது, பல்ப்பர் ஓடும் கொட்டகையின் அதிர்வில் குவியம் நிலைக்குமா என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள் இரண்டு: 2020-இல் வந்த 12.3 மெகாபிக்சல் எச்க்யூ கேமரா, 2023 மார்ச்சில் வந்த 1.6 மெகாபிக்சல் குளோபல் ஷட்டர் கேமரா. அறிமுக விலை இரண்டுக்கும் 50 டாலர். ஒரே விலையில் எட்டு மடங்கு பிக்சலை விட்டுக்கொடுப்பதா என்று மாணவர்களில் ஒருவன் கடைசிவரை முணுமுணுத்தான். ஆனால் சோனி ஐஎம்எக்ஸ்296 சென்சார் கொண்ட அந்தக் குளோபல் ஷட்டர் கேமராவில் டிரிகர் முனை இருக்கிறது. கொடுக்கும் துடிப்பின் அகலமே எக்ஸ்போஷரை நிர்ணயிக்கிறது. நாங்கள் அதை வாங்கியதற்குக் காரணம் அந்த முனைதான். குளோபல் ஷட்டர் கூடவே வந்த நன்மை. கையில் இதற்கும் காசில்லாத ஒரு குழு என்னிடம் வந்தால், கேமரா மாட்யூல் 3-ஐ அதிர்வு படாத தனிக் காலில் நிறுத்தி, பெல்ட் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்வேன். நிறம் பிரிக்கும் அளவில் அதுவும் தேறும்.

லென்ஸ் கணக்கு எளியது. பிக்சல் அளவு 3.45 மைக்ரான், 1456 பிக்சலுக்குச் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் பரப்பை அதில் அடக்க 8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைத்த 16 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கியிருந்தால் 65 சென்டிமீட்டர் உயரம் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கொட்டகையின் தாழ்ந்த உத்தரம் அதற்கு இடம் தராது. 8 மில்லிமீட்டர் சி-மவுண்ட் லென்ஸ் வந்த அன்று மாலை முழுவதும் எதுவுமே குவியத்துக்கு வரவில்லை. (மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் முறை; சி, சிஎஸ் என்பவை அதில் இரண்டு வகை.) லென்ஸ் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடியபோது அடியில் ஒரு வளையம் கிடந்தது. சி-மவுண்ட் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 17.5 மில்லிமீட்டர் தொலைவு வேண்டும், சிஎஸ்-மவுண்டுக்கு 12.5 போதும், இடையிலுள்ள 5 மில்லிமீட்டரை நிரப்பக் கேமராவோடு கொடுத்திருந்த வளையம் அது. அதைப் போட்டதும் பழத்தின் காம்புத் தழும்பு வரை துலங்கியது.

அன்னக்கூடை

கேமராவுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாயும் லென்ஸுக்கு 3,000 ரூபாயும் போயின. மீதியில் பெரும்பகுதியை விளக்குக்கே செலவிட்டோம். இந்தத் திட்டத்தில் மிகச் சரியாகச் செலவான பணம் அதுதான்.

தொட்டியிலிருந்து வரும் பழம் ஈரமாக இருக்கிறது. ஈரப்பழத்தின் தோலில் ஒவ்வொரு விளக்கும் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலிக்கும். அந்தப் புள்ளியில் நிறமே இல்லை. முனைவாக்கத் தகடுகளை (போலரைசர்) விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்கு நெடுக்காக வைத்தால் புள்ளி மறையும், ஆனால் ஒளியில் பெரும்பங்கு அதிலேயே வீணாகிறது. நாங்கள் தேடியது மேகமூட்டமான வானத்தைப் போல எல்லாத் திசையிலிருந்தும் சமமாக விழும் ஒளி. சேலம் கடைவீதியில் பந்திக்குச் சோறு அள்ளும் பெரிய அலுமினிய அன்னக்கூடை ஒன்றை வாங்கி, உட்புறம் பளபளப்பற்ற வெள்ளை வண்ணம் பூசி, கவிழ்த்து, நடுவில் கேமராவுக்குத் துளையிட்டோம். விளிம்பைச் சுற்றி எல்இடி பட்டையை மேல்நோக்கி ஒட்டினோம். ஒளி நேராகப் பழத்தில் விழாமல் கூடையின் வளைவில் பட்டுத் திரும்பி விழுகிறது. பழத்தின் உச்சியில் கேமராத் துளையின் நிழல் சிறு கரும்புள்ளியாக விழுவதைத் தவிர வேறு மினுக்கம் இல்லை. அந்தப் புள்ளியை மென்பொருள் ஒதுக்கிவிடுகிறது. கூடையே வெளி வெளிச்சத்தையும் தடுத்துவிடுவதால், கொட்டகை விளக்கின் துடிப்பும் கதவு திறந்தால் வரும் வெயிலும் ஒரே அடியில் ஒழிந்தன.

எல்இடி பட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலிவான வெள்ளை எல்இடியின் ஒளியில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு. அதன் கீழ்ப் பழுத்த பழம் பழுப்பாகத் தெரிந்தது. நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேலுள்ள 24 வோல்ட் பட்டைக்கு மாறியதும், பழத்துக்கும் காய்க்கும் இடையே எண்களில் இருந்த இடைவெளி கண்ணால் பார்த்தே சொல்லும் அளவுக்கு விரிந்தது. பட்டையின் வெளிச்சத்தைக் குறைக்க மாணவர்கள் பொருத்திய டிம்மர், விளக்கை வேகமாக அணைத்து ஏற்றியே வெளிச்சத்தைக் குறைக்கும் வகை. 2 மில்லி விநாடி எக்ஸ்போஷரில் அது படத்துக்குப் படம் ஒளியை மாற்றியது. அதைக் கழற்றிவிட்டு, நிலையான நேர்மின்சாரத்தில் முழு ஒளியில் எரிய விட்டோம்.

கொட்டகையில் பொருத்திய பின்

ராஸ்பெர்ரி பையின் முனைகள் 3.3 வோல்ட், கேமராவின் டிரிகர் முனையோ 1.8 வோல்ட்; இடையில் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்தோம். நேரம் தவறக் கூடாத வேலையான என்கோடர் துடிப்பை எண்ணுவதையும் தட்டியை அடிப்பதையும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற தனிக் கட்டுப்பாட்டுச் சில்லிடம் ஒப்படைத்தோம். கேமராவின் ரிப்பன் கம்பி மின் இரைச்சலுக்கு எளிதில் ஆளாகும் என்பதால் கணினியைக் கூடையின் முதுகிலேயே அமர்த்தினோம். காலைப் பனியில் லென்ஸின் முகப்பு மூடிக்கொண்டது. விளக்கைக் கால் மணி நேரம் முன்பே போட்டுக் கூடையைச் சூடாக்கினால் தெளிகிறது.

பச்சைக் காயையும் கறுத்த பழத்தையும் எந்திரம் தயக்கமின்றிப் பிரித்தது. தடுமாறியது செங்காயில். முற்றாகப் பழுக்காமல், ஒரு கன்னம் சிவந்தும் மறு கன்னம் மஞ்சளித்தும் இருக்கும் பழம் எந்தப் பக்கத்தைக் காட்டியபடி போகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ப முடிவு மாறியது. மேலிருந்து பார்க்கும் ஒரே கேமராவால் அடிப்பக்கத்தை அறிய வழியில்லை. இதைச் சென்சாரின் தரம் எதுவும் மாற்றாது. எந்த அளவுச் சிவப்பைப் பழம் என்று கொள்வது என்பதில் கொட்டகையிலிருந்த பெண்கள் மூவருக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை என்பதையும் அன்று பார்த்தோம்.

எல்லையை மென்பொருளில் ஓர் எண்ணாகப் பதித்து வைத்திருந்த மாணவர்களிடம் தோட்டக்காரர், “தம்பி, ஃப்ளை பிக்கிங்ல நான் கறாரா இருப்பனுங்க, கடைசி ஸ்ட்ரிப்பிங்ல செங்காயையும் விட முடியாதுங்க. இதை நீங்க சேலத்துல இருந்துக்கிட்டு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டார். ஃப்ளை பிக்கிங் என்பது முதலில் பழுத்ததை மட்டும் பொறுக்கும் தொடக்கப் பறிப்பு, ஸ்ட்ரிப்பிங் என்பது மிச்சமெல்லாவற்றையும் உருவி எடுக்கும் இறுதிப் பறிப்பு. அடுத்த வாரம் அந்த எண்ணை எடுத்துவிட்டு, கூடையின் பக்கவாட்டில் ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு திருகு குமிழைப் பொருத்தினோம். இப்போது அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் மூன்று கோடுகள் போட்டிருக்கிறார். எந்தக் கோடு எந்தப் பறிப்புக்கு என்பது அவருக்குத்தான் தெரியும்.